பார்வையாளராகப் போய் மாலுமியாக ஏறலாம்: கடல்விழாக்களுக்கும் இளைஞர் பாய்க்கப்பல் பயிற்சிக்கும் ஒரு வழிகாட்டி

பெரிய பாய்மரக் கப்பலில் ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால் கடற்படையில் சேர்ந்தால்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கயிறு எது, பாய் எது என்றுகூடத் தெரியாத இளைஞர்களை ஏற்றிக்கொண்டு, ஓரிரு நாளில் அவர்கள் கையிலேயே சுக்கானைக் கொடுக்கிற கப்பல்கள் உலகின் பல துறைமுகங்களில் இருக்கின்றன. அவற்றில் பலவும் புதிய முகங்களைத் தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. அந்தக் கப்பல்களை எங்கே பார்ப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது, ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதை முதல்முறை வருபவருக்காக எழுதுகிறேன்.

இளைஞர்களை ஏன் தேடுகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சரக்குப் பாய்க்கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த பயிற்சிக் கப்பல்களை ஒன்றுசேர்த்து ஒரு பந்தயம் நடத்தலாம் என்று லண்டன் வழக்கறிஞர் பெர்னார்ட் மார்கன் முன்வைத்த யோசனையில் 1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பன் வரை 20 கப்பல்கள் ஓடின. பாய்க்கப்பல் யுகத்துக்கு விடைகொடுக்கும் நிகழ்ச்சி என்றுதான் பலரும் அதை நினைத்தார்கள். மக்கள் கொடுத்த வரவேற்பில் அது நிற்காமல் தொடர்ந்து, இன்று ‘டால் ஷிப்ஸ் ரேசஸ்’ என்ற பெயரில் கோடைதோறும் நடக்கிறது. ‘செயில் டிரெய்னிங் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு நடத்துகிறது. அதன் முக்கிய விதி, கலந்துகொள்ளும் ஒவ்வொரு கப்பலிலும் ஆட்களில் குறைந்தது பாதிப்பேர் 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது. அனுபவம் வேண்டும் என்று விதியில் இல்லை. ஆக, பந்தயத்துக்கு வருகிற ஒவ்வொரு கப்பலும் இளைஞர்களைச் சேர்த்தே ஆகவேண்டும். “நம்மை எங்கே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்” என்று தயங்குகிறவர்கள் இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விழாவைத் தேர்ந்தெடுங்கள்

கடல்விழாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எதற்காகப் போகிறோம் என்று தெரிந்தால் எந்த விழா என்பதும் தெளிவாகிவிடும்.

பெரிய கப்பல்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் டால் ஷிப்ஸ் ரேசஸ் நிற்கும் துறைமுகங்கள், அல்லது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘செயில் ஆம்ஸ்டர்டாம்’ (1975இல் தொடங்கியது). பிரான்சின் பிரெஸ்ட் நகர விழா 1992 முதல் நான்காண்டு இடைவெளியில் நடக்கிறது. அங்கே பெருங்கப்பல்களோடு சின்னச் சின்ன மரப்படகுகளும் கூட்டம் கூட்டமாக வரும். இரண்டுக்கும் 2020இல் கொரோனாவால் ஓர் இடைவெளி விழுந்தது. இப்படிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழாக்களுக்குத் தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ரொம்ப நாள் காத்திருக்க நேரும்.

பார்ப்பதோடு நிற்காமல் கொஞ்ச நேரமாவது கடலில் போய்வர வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் ஆகஸ்ட்தோறும் நடக்கும் ‘ஹான்சே செயில்’ பொருத்தம். பாய்க்கப்பல்களில் சில மணிநேரம் பயணிக்க அங்கே சீட்டு எடுக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த மாதிரி விழாவைத்தான். கப்பல் சாய்ந்து ஓடும்போது நம் உடம்பு என்ன சொல்கிறது என்பது அந்தச் சில மணிநேரத்திலேயே கொஞ்சம் தெரிந்துவிடும்.

கப்பல் கட்டும் கலை மேல் ஆர்வம் உள்ளவர்கள் மரப்படகு விழாக்களுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அமெரிக்காவின் போர்ட் டவுன்சென்ட்டில் செப்டம்பர்தோறும் நடக்கின்றன. பலகையை நீராவியில் வேகவைத்து வளைப்பது, பலகைகளுக்கு நடுவே பஞ்சு அடைப்பது, பாய் தைப்பது எல்லாம் கண்முன்னால் நடக்கும். கேட்டால் உளியை நம் கையிலேயே கொடுப்பவர்களும் உண்டு. வளைகுடாப் பக்கம் இருப்பவர்களுக்கு ‘அல் கஃபால்’ இருக்கிறது. சர் பு நைர் தீவிலிருந்து துபாய் வரை 60 அடி மரக்கலங்கள் ஓடுகிற பந்தயம் அது. ஹவாயில் ‘ஹொக்குலேயா’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகு 1976இல் எந்தக் கருவியும் இல்லாமல், நட்சத்திரங்களையும் அலைகளையும் மட்டுமே பார்த்து டஹிடி போய்ச் சேர்ந்தது. அன்று வழிகாட்டியவர் மவ் பியாலுக் என்ற மைக்ரோனேசிய மாலுமி. அந்தப் படகைச் சுற்றி வளர்ந்த அமைப்பு இன்றும் இளைஞர்களுக்கு அந்த வழிகாணும் கலையைக் கற்றுக்கொடுத்து வருகிறது. பாரம்பரியம் என்றால் ஐரோப்பியக் கப்பல்கள் மட்டும்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

விழாவில் நேரத்தை எப்படிச் செலவிடுவது

கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று, தளத்தில் ஒரு சுற்று சுற்றி, படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் நாள் போய்விடும். வார நாளாகப் பார்த்து, காலையில் கப்பல் திறந்தவுடன் போங்கள். தட்டையான, வழுக்காத காலணி போடுங்கள். ஏணிப்பலகையில் குதிகால் செருப்பு சிக்கும். மரத்தளத்தையும் அது பதம்பார்க்கும். கட்டையில் சுற்றியிருக்கும் கயிறு எதையும் தொடாதீர்கள். எந்தக் கயிற்றின் மறுமுனையில் எவ்வளவு எடை தொங்குகிறது என்பது நமக்குத் தெரியாது.

அப்புறம், அதிகாரி மாதிரி நிற்பவரை விட்டுவிட்டு, பித்தளை துடைத்துக்கொண்டோ கயிறு சுருட்டிக்கொண்டோ இருக்கும் இளைஞரிடம் பேசுங்கள். அவர் அநேகமாக நம்மைப் போலவே வந்து சேர்ந்த டிரெய்னியாகத்தான் இருப்பார். “நேற்று ராத்திரி எத்தனை மணி வாட்ச் (முறைவைத்துச் செய்யும் வேலை)? சுக்கான் பிடித்தாயா? சாப்பாடு எப்படி? திரும்ப வருவாயா?” இந்த நான்கு கேள்விக்கு அவர் சொல்லும் பதில், வழவழப்பான விளம்பரத் தாள் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

அடுத்து, ஒவ்வொரு கப்பலிலும் “இதில் நான் சேர முடியுமா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். விழாக்களில் எல்லோர் கண்ணையும் கவர்வது பெரும்பாலும் கடற்படைக் கப்பல்கள். இத்தாலியின் ‘அமெரிகோ வெஸ்பூச்சி’ (1931), அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘ஈகிள்’ (1936), கோவாவில் கட்டப்பட்டு 1997இல் பணியில் சேர்ந்த இந்தியாவின் ‘ஐஎன்எஸ் தரங்கிணி’ எல்லாம் அந்த வகை. அவை அந்தந்தப் படையில் பயிற்சி பெறும் அதிகாரிகளுக்கானவை. பார்க்கலாம், ரசிக்கலாம், சேர்வதற்கு அந்தப் படையில் நுழைய வேண்டும். நமக்கு வழிவிடுபவை அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் கப்பல்கள். நார்வேயின் ‘ஸ்டாட்ஸ்ராட் லேம்குல்’ (1914), ஜெர்மனியின் பச்சைப் பாய் ‘அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட் 2’, நியூசிலாந்தின் ‘ஸ்பிரிட் ஆஃப் நியூசிலாந்து’ மாதிரியானவை. இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் ஆசையை வளர்த்துக்கொண்டு ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கடைசி நாள் ஊர்வலத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாக் கப்பல்களும் பாய் விரித்து வரிசையாக வெளியேறும். துறைமுகத்துக்குள் நின்றால் கட்டடமும் கூட்டமும் மறைக்கும். வெளிவாசல் அலைதாங்கிச் சுவர் பக்கமோ, கொஞ்சம் தள்ளி உயரமான கரையிலோ முதலிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

எந்தக் கப்பல், எத்தனை நாள்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரே ‘இளைஞர் பயணம்’ என்ற பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் விற்பனைக்கு வரும். ஒன்றில் டிரெய்னிகள்தான் கப்பலை ஓட்டுவார்கள். இன்னொன்றில் அவர்கள் பயணிகள், விருப்பப்பட்டால் ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். முதல் வகையைத் தேடுங்கள். என் பார்வையில் இதில் சமரசமே கூடாது.

நல்ல திட்டம் எப்படியிருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ‘யங் எண்டெவர்’ திட்டத்தைச் சொல்லலாம். 16 முதல் 23 வயது வரையுள்ளவர்களுக்கானது. 1988இல் பிரிட்டன் பரிசாகக் கொடுத்த கப்பலோடு தொடங்கியது. பயணத்தின் பிற்பகுதியில் ஒருநாள், இளைஞர்களே தங்களுக்குள் ஒரு கேப்டனையும் மற்றப் பொறுப்பாளர்களையும் தேர்ந்தெடுத்து, கப்பலைத் தாங்களே ஓட்டுவார்கள். நிலையான மாலுமிகள் பின்வாங்கிக்கொண்டு பாதுகாப்பை மட்டும் கவனிப்பார்கள். ‘ஸ்பிரிட் ஆஃப் நியூசிலாந்து’ கப்பலின் 10 நாள் பயணத்திலும் 40 டிரெய்னிகள் முடிவில் கப்பலைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்கு முன் கயிற்றின் பெயர்கூடத் தெரியாதவர்களிடம் கப்பலை நம்பி ஒப்படைப்பதற்காகவே மற்ற நாள்களின் பயிற்சி முழுவதும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

கால அளவைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நாள் பயணத்தில் கடல் மயக்கம் தெளிவதற்குள் கரை வந்துவிடும். முதல்முறைக்கு ஏழு முதல் பத்து நாள் சரியாக இருக்கும். கப்பல் ரொம்பப் பெரிதாக இருந்தால் ஆளுக்கு ஆள் சுக்கான் பிடிக்கும் முறை குறையும். 12, 15 பேர் மட்டும் போகும் ஸ்கூனர் என்ற வகைச் சிறிய பாய்க்கப்பலில் எல்லா வேலையும் நம் கைக்கு வரும், ஆனால் ஆட்டம் அதிகம். பந்தயம்தான் வேண்டும் என்பதில்லை. டால் ஷிப்ஸ் ரேசஸில் இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே பந்தயமில்லாத கூட்டுப்பயணமும் உண்டு. அந்தக் கட்டத்தில் டிரெய்னிகள் கப்பல் மாறி, வேறு நாட்டுக் கப்பலில் ஏறிக்கொள்ளலாம். அந்தப் பந்தயத் தொடரின் பெரிய பரிசும் முதலில் வந்த கப்பலுக்குப் போவதில்லை. நாடுகளுக்கிடையே நட்பு வளர அதிகம் உதவிய கப்பல் எது என்று கேப்டன்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பதிவு செய்யும் முன் கப்பல் அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை: கப்பல் எந்த நாட்டில் பதிவானது, பயணிகளையோ டிரெய்னிகளையோ ஏற்றிச்செல்ல நடப்புச் சான்றிதழ் இருக்கிறதா, எத்தனை டிரெய்னிக்கு ஒரு தேர்ந்த மாலுமி, வாட்ச் முறை என்ன, எஞ்சின் இல்லாமல் பாயில் மட்டும் எவ்வளவு நேரம் ஓடுவார்கள், கட்டளை எந்த மொழியில், காற்றோ பழுதோ காரணமாகப் பயணம் ரத்தானால் பணம் திரும்புமா. நல்ல அலுவலகம் இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லும். மழுப்பினால் அடுத்த கப்பலைப் பாருங்கள்.

உடல் குறைபாடு இருப்பதால் தயங்குகிறவர்களும் கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 1986இல் கடலுக்கு வந்த ‘லார்டு நெல்சன்’, 2000இல் வந்த ‘டெனேஷியஸ்’ என்ற இரண்டு கப்பல்களும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் பார்வையற்றவரும் முழு மாலுமியாக வேலைசெய்ய முடியும் என்று காட்டின. பார்வையற்றவர் சுக்கான் பிடிக்கப் பேசும் திசைகாட்டி வைத்திருந்தார்கள். அந்த அனுபவம் பல கப்பல்களின் மனப்போக்கை மாற்றியிருக்கிறது.

பணமும் காகிதமும்

பயணக் கட்டணம் லேசாக இருக்காது. ஆனால் முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து போட்டுத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. பல கப்பல்களிலும், பல நாடுகளின் பாய்க்கப்பல் பயிற்சிச் சங்கங்களிலும் உதவித்தொகை உண்டு. பந்தயத்தை வரவேற்கும் நகரங்கள் தங்கள் ஊர் இளைஞர்களைத் தங்கள் செலவில் ஏற்றிவிடுவதும் வழக்கம். கேட்டால்தான் கிடைக்கும். “எனக்கு இவ்வளவுதான் முடியும், மீதிக்கு என்ன வழி” என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஏன் போக விரும்புகிறீர்கள் என்பதை இரண்டு பத்தியில் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். பெரிய சாதனைப் பட்டியல் தேவையில்லை. இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தில் தங்கப் படிநிலைக்கு முயல்கிறவர்கள், இந்தப் பயணத்தை அதன் வெளித்தங்கல் பகுதிக்குக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று தங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

காகிதங்களில் மருத்துவப் படிவம் முக்கியம். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, மன அழுத்தத்துக்கான மருந்து எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் மருத்துவமனை எட்டாத நடுக்கடலில் நமக்குத்தான் ஆபத்து. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம். காப்பீடு எடுக்கும்போது ‘பாய்க்கப்பலில் வேலைசெய்வது, பாய்மரத்தில் ஏறுவது’ அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

விசா விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஏறும் துறைமுகம் ஒரு நாட்டில், இறங்குவது இன்னொரு நாட்டில் இருக்கும். ஷெங்கன் (ஐரோப்பாவின் பொது விசாப் பகுதி) நாடு ஒன்றில் ஏறி, பிரிட்டனுக்குப் போய், திரும்ப ஷெங்கன் பகுதிக்குள் வரும் பயணம் என்றால் ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவும், பிரிட்டனுக்குத் தனி அனுமதியும் தேவைப்படலாம். தூதரகத்துக்குப் போகும் முன் கப்பல் அலுவலகத்திடம் பயணத்தடமும் அழைப்புக் கடிதமும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பையில் என்ன

பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை எடுத்துப் போங்கள். கப்பலில் வெறும் பெட்டியை வைக்க இடமிருக்காது. ஜீன்ஸைத் தவிர்த்துவிடுங்கள், நனைந்தால் கனக்கும், காயவே காயாது. மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போடுங்கள், கோடையிலும் கம்பளித் தொப்பி ஒன்று இருக்கட்டும். நள்ளிரவு வாட்ச்சில் கடற்காற்று எலும்பைத் தொடும். மழை உடையைப் பல கப்பல்கள் தாமே கொடுக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். முன்விரல் மூடிய, அடி வழுக்காத காலணி இரண்டு சோடி. சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு கட்டாயம். இரவில் வெள்ளை வெளிச்சம் அடித்தால் இருட்டுக்குப் பழகிய எல்லோர் கண்ணும் கூசி, கால்மணி நேரத்துக்கு மேல் எதுவும் சரியாகத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழுத்தோடு கட்டும் வாரும், கூடுதலாக ஒரு கண்ணாடியும் எடுத்துவாருங்கள்.

போகும் முன் ஒரு முழக் கயிறு வாங்கி மூன்று முடிச்சு பழகுங்கள்: ‘8’ வடிவ முடிச்சு, போலைன், க்ளோவ் ஹிட்ச். கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை. மற்றதைக் கப்பலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஏறிய பிறகு

முதல் நாள் பெரும்பாலும் பாதுகாப்புப் பயிற்சி. உயிர்காப்பு அங்கி போடுவது, அபாய மணி அடித்தால் எங்கே கூடுவது, தீ என்றால் என்ன செய்வது. சலிப்பாகத் தோன்றினாலும் முழுக் கவனம் கொடுங்கள். 2010 பிப்ரவரியில் ‘கான்கார்டியா’ என்ற பள்ளிப் பயிற்சிக் கப்பல் பிரேசிலுக்கு அப்பால் திடீர்க் காற்றில் கவிழ்ந்தது. மாணவர்களும் மாலுமிகளுமாக 64 பேரும் மிதவைகளில் ஏறி, ஒன்றரை நாளுக்கு மேல் கடலில் காத்திருந்து, ஒருவர்கூடச் சாகாமல் மீட்கப்பட்டார்கள். எங்கே கூடுவது, மிதவையில் எப்படி ஏறுவது என்று முன்பே பழகியிருந்தது அன்று கைகொடுத்தது.

அப்புறம் வாட்ச். நான்கு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு என்பது பரவலான முறை. பன்னிரண்டிலிருந்து நான்கு, நான்கிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பன்னிரண்டு என்று மூன்று குழு. நள்ளிரவு வாட்ச் கிடைத்தவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், இரண்டாம் நாள் நட்சத்திரம் பார்க்கத் தொடங்குவார்கள். விடியற்கால வாட்ச்சில் தினமும் சூரியோதயம். ஒவ்வொரு வாட்ச்சிலும் ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்பக்கம் பார்வைக் காவலில், ஒருவர் மணிக்கொருதரம் கப்பலைச் சுற்றிவந்து தீ, நீர்க்கசிவு, அவிழ்ந்த கயிறு பார்ப்பதில். மீதிப்பேர் பாய் வேலைக்குத் தயாராக இருப்பார்கள். சமையலறை, கழிவறைச் சுத்தமும் முறைவைத்து வரும். யாருக்கும் விலக்கு கிடையாது. கிடைக்கும் எட்டு மணிநேரத்தில் முதலில் தூங்குங்கள். பேச்சு, படம், எல்லாம் அப்புறம். ‘ஸ்டாட்ஸ்ராட் லேம்குல்’ மாதிரிச் சில கப்பல்களில் இன்றும் தூளியில்தான் தூக்கம். முதல் இரவு புரண்டாலும், கப்பல் ஆடும்போது கட்டிலைவிட அதுதான் சுகம் என்பது சீக்கிரம் விளங்கும்.

கயிறு வேலையில் மூன்று பழக்கம் முதல் நாளே வர வேண்டும். கட்டளை கேட்டதும் அதைத் திரும்பச் சத்தமாகச் சொல்வது. தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காமல் இருப்பது. கயிற்றைத் தளர்த்தும்போது விரலைக் கட்டையிலிருந்து தள்ளி வைப்பது. காற்று நிறைந்த பாயின் கயிறு நழுவினால் தோலைப் பிய்த்துவிடும்.

சுக்கான் பிடிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் ஆசைப்படுவதும் திணறுவதும் அதில்தான். உங்களிடம் ஒரு திசை சொல்லப்படும், 240 என்று வைத்துக்கொள்வோம். திசைகாட்டி 235 காட்டுகிறது. சக்கரத்தைத் திருப்புகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்புகிறீர்கள். பத்துப் பதினைந்து விநாடி கழித்துக் கப்பல் மெல்ல அசைந்து, 240ஐத் தாண்டி 250க்குப் போய்விடுகிறது. பதறி எதிர்ப்பக்கம் திருப்பினால் 228. பின்னால் பார்த்தால் நீரில் நம் தடம் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும். வழி இதுதான்: கொஞ்சமே திருப்பிவிட்டுக் காத்திருங்கள். கப்பல் திரும்பத் தொடங்கியதும், சொன்ன திசை வருவதற்கு முன்பே சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடு எது என்று இருட்டில் எப்படித் தெரியும்? பல கப்பல்களில் சக்கரத்தின் ஓர் ஆரக்காலில் மட்டும் தடித்த அலங்கார முடிச்சு போட்டிருப்பார்கள். அது உச்சியில் இருந்தால் சுக்கான் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்க்கவே வேண்டாம், உள்ளங்கையில் தட்டுப்படும். திசைகாட்டியையே முறைத்துக்கொண்டிருக்காமல், முன்னே ஒரு மேகத்தையோ நட்சத்திரத்தையோ பாய்மரத்துக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டினால் கை தானாகப் பழகிவிடும்.

பாய்மரத்தில் ஏறுவது கட்டாயமில்லை. நல்ல கப்பலில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், கேலி செய்யவும் விடமாட்டார்கள். ஏற விரும்பினால் ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்பு வார்) போட்டு, இன்னொருவர் சரிபார்த்த பிறகு, சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள். மேலிருந்து விழும் கைப்பேசி கீழே நிற்பவர் மண்டையைப் பிளக்கும். காற்று வருகிற பக்கமாகவே ஏற வேண்டும். காற்று உடலைக் கயிற்றேணியோடு சேர்த்து அழுத்தும், கப்பலும் அந்தப் பக்கமிருந்து விலகிச் சாய்ந்திருப்பதால் ஏற்றம் சற்றுச் சாய்வாக இருக்கும். கால் குறுக்குப் படிகளில், கை எப்போதும் செங்குத்தான தடித்த கம்பி வடத்தில். படிக்கயிறு அறுந்தால்கூடக் கை பிடித்திருப்பது அறாது. மேலே குறுக்குமரத்தின் அடியில் தொங்கும் கால்கயிற்றில் காலை வைக்கும் முன், அதில் ஏற்கெனவே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி குரல் கொடுங்கள். நீங்கள் மிதித்ததும் அவர்கள் நிற்கும் கயிறு எகிறும்.

வயிறு புரட்டினால்

பழுத்த மாலுமிகளுக்கும் கடல் மயக்கம் வரும், இதில் வெட்கமில்லை. மாத்திரை போடுவதென்றால் கப்பல் புறப்படும் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு வயிற்றில் தங்காது. சில மாத்திரை தூக்கம் வரவழைக்கும், அதனால் மரத்தில் ஏறும் திட்டத்தோடு அது ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தளத்துக்கு மேலே, கப்பலின் நடுப்பகுதியில், தொடுவானத்தைப் பார்த்தபடி இருங்கள். கைப்பேசித் திரையும் புத்தகமும் எதிரி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், வெறும் வயிறாக விடாமல் உலர்ந்த ரொட்டி, பிஸ்கட் ஏதாவது மெல்லுங்கள். சுக்கான் பிடிக்கக் கேளுங்கள், பலருக்கு அதிலேயே தெளிந்துவிடுகிறது. வாந்தி வந்தால் காற்று அடித்துப்போகும் பக்கமாக, பாதுகாப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு. அதிகம் போனால் இரண்டு மூன்று நாள். அதற்குமேலும் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் வாட்ச் தலைவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பெற்றோருக்கு

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ஆண், பெண் உறங்குமிடம் தனித்தனியா? பெரியவர்களின் பின்னணி சரிபார்க்கப்படுகிறதா? பிள்ளைக்கு ஏதாவது தொந்தரவு என்றால் கேப்டனைத் தவிர வேறு யாரிடம் சொல்லலாம்? நீச்சல் தெரியாத பிள்ளையை ஏற்பார்களா? கப்பலுக்குக் கப்பல் விதி வேறு. நடுக்கடலில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காது, சில கப்பல்கள் கைப்பேசியை வாங்கியே வைத்துவிடும். இரண்டு மூன்று நாள் பேச முடியாமல் போகும் என்பதை முன்பே தெரிந்துகொண்டால் வீட்டில் பதற்றம் இருக்காது. பிள்ளைக்கு 15 ஆகவில்லை என்றால் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் ஏதாவது நீர்நிலையில் ‘ஆப்டிமிஸ்ட்’ என்ற 2.3 மீட்டர் சிறுவர் படகில் பயிற்சி தருகிறார்களா என்று விசாரியுங்கள். 15 வயது வரையுள்ளவர்கள் தனியாக ஓட்டும் படகு அது. காற்றின் குணத்தை அதில் புரிந்துகொண்ட பிள்ளை பெரிய கப்பலில் சீக்கிரம் தேறிவிடும்.

இறங்கும் முன்

கடைசி நாள் கட்டிப்பிடித்து அழும் பரபரப்பில் பலர் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. பயணத்தின் தேதி, கப்பல் பெயர், ஏறிய, இறங்கிய துறைமுகம், ஓடிய கடல்மைல், இரவு வாட்ச் மணிநேரம், நீங்கள் செய்த பொறுப்பு எல்லாவற்றையும் ஒரு பதிவுப் புத்தகத்தில் எழுதி, கேப்டனிடம் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் வாங்குங்கள். அடுத்தமுறை அதே கப்பலுக்கு வாட்ச் தலைவரின் உதவியாளராக விண்ணப்பிக்க இது உதவும். பல கப்பல்களில் தன்னார்வலர்களாக இருப்பவர்கள் ஒருகாலத்தில் டிரெய்னியாக வந்தவர்கள்தான். கடல்தொழிலுக்கே போகும் எண்ணம் வந்தால் அடுத்த படி எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளுக்கான சர்வதேசப் பயிற்சித் தரம்) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. குளிர்காலத்தில் கப்பல் பராமரிப்புக்காகக் கரையோரம் நிற்கும்போது மரம் தேய்க்க, கயிறு மாற்ற, வண்ணம் பூச ஆள் தேடுவார்கள். அந்த வேலைக்கு வருகிறேன் என்று இறங்குவதற்கு முன்பே போசனிடம் (தளத்து வேலைகளைக் கவனிக்கும் தலைமை மாலுமி) சொல்லி, அவருடைய மின்னஞ்சல் முகவரியையும் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.